‘குடின்னு எழுதுங்க சார்’: ஒரு சிறிய அளவு வழக்கின் ஐந்து வருடங்கள்

புறநோயாளிச் சீட்டு எழுதும் மேசைக்கு முன்னால் நாற்காலி இருந்தும் அந்த அம்மா உட்காரவில்லை. கையில் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. மகன் வராந்தாத் தூணில் சாய்ந்து குத்தவைத்திருந்தான். மூக்கு ஒழுகிக்கொண்டே இருந்தது. நிமிடத்துக்கொரு கொட்டாவி. ஏப்ரல் வெயிலில் கை முழுக்க மயிர் சிலிர்த்து நின்றது. “என்ன பழக்கம்மா?” என்று கேட்டேன். சுற்றிலும் பார்த்துவிட்டு மேசைமேல் குனிந்தார். “சார், சீட்டுல குடின்னு எழுதுங்க. மத்தது ஒண்ணும் எழுதாதீங்க.”

அவன் ஒரு நாளும் குடித்ததில்லை. அப்பாவைப் பார்த்து வளர்ந்ததால் அந்த வாடையே அவனுக்கு ஆகாது. கடைசி ஒன்றரை வருடமாக அவனைப் பிடித்திருந்தது வலி மாத்திரை, அதுவும் ஊசி வழியாக. அதற்கு முன்னால் கஞ்சா. மகனுக்கு இல்லாத ஒரு வியாதியை எழுதச் சொல்லி ஒரு தாய் கெஞ்சுகிறார். ஏனென்றால் அந்த வியாதிக்கு ஊரில் இரக்கம் கிடைக்கும். இவனுக்கு உண்மையில் இருந்த வியாதிக்கு ஊர் வைத்த பெயர் ‘கேஸ்’.

நான் குமரி மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் மனநல சமூகப் பணியாளர். அவனும் அம்மாவும் சம்மதம் சொன்ன பிறகே இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவனைத் தம்பி என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒரே வீடு, மூன்று தலைமுறை

வீடு மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில். அம்மாவின் அப்பா அந்தக் காலத்துப் பனையேறி. எங்கள் பக்கம் பதநீரை அக்கானி என்போம். கலயத்துக்கு உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது அக்கானி. தடவாவிட்டால் அதே பாளை, அதே கலயம், இறங்குவது கள். தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. தாத்தா இரண்டு முறை கள்ளுக் கேஸில் மாட்டி அபராதம் கட்டியவர். களியக்காவிளையைத் தாண்டி கேரளத்துப் பாறசாலைப் பக்கம் போய்விட்டால் அதே கள் போர்டு வைத்த ஷாப்பில் கிடைக்கும், யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். தாத்தாவின் கேஸை ஊரும் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. கோவில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் முன்வரிசையில்தான் இருந்தார்.

அப்பா ரப்பர்ப் பால் வெட்டுகிறவர். விடிவதற்கு முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போய், சிரட்டையில் பால் வடிய வைத்து, எடுத்து, ஷீட் அடித்து முடிக்க மதியம் ஆகும். சாயங்காலம் டாஸ்மாக். இருபது வருடப் பழக்கம். கால் வீங்குகிறது, கல்லீரல் கெட்டுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஊர் இன்னும் அவரை “குடிச்சாலும் தங்கமான மனுஷன்” என்றுதான் சொல்கிறது. அவர் வாங்குவது அரசாங்கக் கடையில். 2023-24-ல் மட்டும் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்த வருமானம் 45,855 கோடி ரூபாய்.

அம்மா வேலை பார்ப்பது முந்திரி ஆலையில். எங்கள் பேச்சில் அண்டியாபீஸ். தோட்டெண்ணெய் பட்டுப்பட்டு விரல்நுனி கறுத்து, ரேகை பாதி அழிந்திருக்கும். அந்த விரல்களால்தான் பின்னாளில் அவர் ஜாமீன் காகிதங்களில் கையெழுத்துப் போட்டார்.

தம்பி ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்தவன். தாய்மாமா கத்தாரில். “படிப்பு முடிஞ்சதும் பாஸ்போர்ட் எடு மக்கா, மத்தத நான் பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி வைத்திருந்தார். குமரி மேற்கில் பாதி வீடுகளின் ஓட்டுக்கூரை கான்கிரீட் ஆனது இப்படித்தான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சானல் கரை

அப்போது அவனுக்கு வயது 19. கூடப் படித்த இரண்டு பேரோடு சானல் (வாய்க்கால்) கரையில் உட்கார்ந்திருந்தபோது போலீஸ் வந்தது. எழுந்து ஓடக்கூட நேரமில்லை. கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையை மோந்து பார்த்தார்களாம். மூன்று பேருக்கும் சேர்த்து 35 கிராம். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இழுக்கிற பழக்கம் ஒரு வருடமாக இருந்தது. வேலை, படிப்பு எதுவும் அதுவரை கெடவில்லை என்று அவன் சொல்கிறான். அம்மாவும் அதை மறுக்கவில்லை.

வழக்கு, போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 8(சி), 20(பி)(ii)(ஏ) பிரிவுகளில். பதினொரு நாள் ரிமாண்ட். கட்டைப்பையிலிருந்து எஃப்.ஐ.ஆர். நகலை எடுத்து அம்மா என்னிடம் நீட்டியபோது அது மடிப்பு மடிப்பாகக் கிழிந்து, செலோடேப் போட்டு ஒட்டியிருந்தது.

அந்தச் சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். 1985 நவம்பர் 14-ல் அமலுக்கு வந்தது. பெரும்பாலான குற்றங்களுக்குக் குறைந்தபட்சம் பத்து வருடம். 1989-ல் திருத்தி இன்னும் கடுமையாக்கினார்கள். அதில் பொட்டலம் வைத்திருந்தவனும் லாரியில் கடத்தியவனும் ஒரே தட்டில் விழுந்தார்கள். அது அநியாயம் என்று தெரிய பன்னிரண்டு வருடம் ஆனது. 2001-ல் சிறிய அளவு, வணிக அளவு என்று பிரித்தார்கள். கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு, 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. சிறிய அளவுக்கு ஆறு மாதம் வரை என்றிருந்த தண்டனை 2014-ல் ஒரு வருடம் வரை என்று ஏறியது.

இதே சட்டத்துக்குள் இரண்டு கதவுகள் இருக்கின்றன. பிரிவு 39: சிறிய அளவு போன்ற வழக்கில் குற்றம் நிரூபிக்கப்பட்டவர் போதைக்கு அடிமையானவர் என்றால், அவர் சம்மதத்தோடு, உடனே தண்டிக்காமல் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பிரிவு 64ஏ இன்னும் நேரடியானது. சிறிய அளவு வழக்கில் சிக்கிய, அடிமைப்பட்ட ஒருவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்தக்கூடாது.

ஸ்டேஷனில் இதை யாரும் அவனிடம் சொல்லவில்லை. ரிமாண்ட் செய்த இடத்தில் சொல்லவில்லை. சிறையில் சொல்லவில்லை. முதலில் வைத்த வக்கீலும் சொல்லவில்லை. நான்கரை வருடம் கழித்து எங்கள் வராந்தாவில்தான் அவன் அதை முதன்முதலாகக் கேட்டான். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை. கைது செய்தவுடன் உனக்கு வக்கீல் வைக்க உரிமை உண்டு என்று சொல்கிறோம் இல்லையா? இதையும் அதோடு சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

கேஸ் செய்த வேலை

ஜாமீனில் வந்தவன் வீட்டுக்குள்ளேயே இருந்தான். கஞ்சாவை மூன்று மாதம் தொடவே இல்லை. அதாவது, வைத்தியம் என்று பார்த்தால், நிறுத்துவதற்கு மிக நல்ல நேரம் அதுதான். அந்த மூன்று மாதத்தில் அவனோடு யாராவது உட்கார்ந்து பேசியிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நடந்தது வேறு. பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தான். போலீஸ் சரிபார்ப்பில் வழக்கு நிலுவை என்று போய்விட்டது. 1967-ஆம் ஆண்டுப் பாஸ்போர்ட் சட்டப்படி குற்ற வழக்கு நிலுவையில் இருப்பவருக்குப் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். நீதிமன்ற அனுமதி வாங்கி, குறிப்பிட்ட காலத்துக்கு எடுக்க வழி இருக்கிறது. அதற்கு மனு, வக்கீல் செலவு, வாய்தா. அப்படி எடுத்தாலும் வளைகுடாவில் வேலை தருகிறவர் போலீஸ் தடையில்லாச் சான்று கேட்பார். தாய்மாமா ஒரு வருடம் காத்திருந்துவிட்டு அந்த விசாவை வேறு பையனுக்குக் கொடுத்தார். சட்டத்தில் எழுதியிருக்கும் தண்டனை அதிகபட்சம் ஒரு வருடம். விசாரணையே தொடங்காத நிலையில் அவன் இழந்தது அதைவிடப் பெரிது.

அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு தடவை வந்துவிட்டு மூன்றாம் தடவை வரவில்லை. தரகர் வழியாகச் சொல்லியனுப்பினார்கள்: “தம்பி மேல கஞ்சா கேஸ் இருக்காமே.” அப்பா அன்றைக்கும் டாஸ்மாக்கில்தான் இருந்தார். அவர் குடிக்கிறார் என்பதை மாப்பிள்ளை வீட்டார் முதல் நாளே விசாரித்துத் தெரிந்துகொண்டிருந்தார்கள், அது அவர்களுக்குத் தடையாகப் படவில்லை. இந்த ஒரு இடத்தை நான் பல முறை யோசித்திருக்கிறேன். எது கெடுதல், எது எவ்வளவு கெடுதல் என்று ஊர் தானாக அளந்து சொல்லவில்லை. அரசு எதற்குக் கடை திறக்கிறதோ அது பலவீனம். எதற்கு விலங்கு மாட்டுகிறதோ அது பாவம். உடம்பைக் கேட்டால் கல்லீரல் வேறு கணக்குச் சொல்லும். 2019-ல் எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் வெளியிட்ட தேசிய ஆய்வின்படி இந்தியாவில் மது அருந்துவோர் 16 கோடி, கஞ்சா வகைகளைப் பயன்படுத்துவோர் 3.1 கோடி, ஓபியம் வகைகளைப் பயன்படுத்துவோர் 2.26 கோடி. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருந்தார். இரக்கம் கிடைக்கிற வியாதிக்கே இந்த நிலை.

பக்கத்து ஊர்களில் எங்கே கஞ்சா பிடிபட்டாலும் அவனுக்குப் போன் வரும். “ஸ்டேஷனுக்கு வந்து தலையக் காட்டிட்டுப் போ.” போனால் மறுபடியும் உள்ளங்கையை மோந்து பார்ப்பார்கள். நாளாக ஆக, ஊரில் அவனோடு சகஜமாகப் பேசியவர்கள் அதே மாதிரி கேஸ் உள்ளவர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவன் சொன்னது: “மாத்திரைக்கு மணம் கிடையாதுலே.”

மணமில்லாத சரக்கு

டிரமடால் என்ற வலி மாத்திரையை 2018 ஏப்ரலில் மத்திய அரசு போதைப்பொருள் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. காரணம் நியாயமானது, ஏராளமானவர்கள் அதைப் போதைக்கு விழுங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் தேவை எங்கேயும் போய்விடவில்லை. டபென்டடால் என்ற இன்னொரு மாத்திரை அந்த இடத்துக்கு வந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து, ஆனாலும் கை மாறிக் கை மாறி வந்துவிடுகிறது. ஒன்றை இறுக்கினால் பக்கத்தில் புடைக்கிறது. அப்படிப் புடைக்கிற இடம் பெரும்பாலும் முன்னதைவிட ஆபத்தானது. கஞ்சாவை விட்டவனுக்கு ஒரு வாரம் தூக்கம் வராது, எரிச்சல் வரும், சாப்பாடு இறங்காது. இந்த மாத்திரைகள் ஓபியம் வகை. அதை நிறுத்தினால் எலும்புக்குள் வலி, வாந்தி, பேதி. அளவு மீறினால் மூச்சு நின்றுபோகும்.

அவனுடைய வாக்கியத்தை அப்படியே தருகிறேன்: “அண்ணே, கஞ்சா அடிச்சா பிடிபடுவோம்னு பயம். மாத்திரை போட்டா பயமே இல்ல. அந்தப் பயமில்லாத சுகத்துக்குத்தான் போனேன்.” முதலில் விழுங்கினான். பிறகு ஊசி. நள்ளிரவில் ஊசி வாங்கப் போனால் மருந்துக்கடைக்காரர் ஆளைப் பார்த்தே இல்லையென்று சொல்லிவிடுவாராம். பையன் கெட்டுப்போகக் கூடாதே என்றுதான் சொல்லியிருப்பார். ஆக, ஒரே ஊசி மூன்று பேருக்கு ஓடியது.

தாத்தாவின் வலி

இந்த வீட்டில் எனக்கு மிகவும் மனக்கஷ்டமாக இருப்பது தாத்தாவின் பகுதி. வாழ்நாள் முழுக்க வெற்றிலையும் புகையிலையும். கன்னத்தின் உட்பக்கம் புற்று வந்தது. எங்கள் மாவட்டத்தில் பலரும் போவதுபோல அவரையும் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குக் கூட்டிப் போனார்கள். முற்றிவிட்டது, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி மார்ஃபின் மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள்.

தம்பி அப்போது மாத்திரைக்குள் முழுதாக மூழ்கியிருந்த நேரம். மார்ஃபின் என்றால் போதை மருந்து என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா பயந்துவிட்டார். வீட்டில் ஏற்கெனவே ஒரு கேஸ். களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பையைத் திறந்து பார்த்தால்? டாக்டரின் சீட்டு கையில் இருக்கிறது, அது முழுக்கச் சட்டப்படியானது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. அந்த மாத்திரைப் பட்டையை அவர் பாறசாலைப் பஸ் ஸ்டாண்டிலேயே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டார். தாத்தா ஏழு வாரம் இருந்தார். கடைசி இரண்டு வாரம் ராத்திரி முழுக்க அவர் முனகுவது பக்கத்து வீடு வரை கேட்டதாம்.

இது அந்த அம்மா ஒருவரின் அறியாமை மட்டுமல்ல. 1985-ல் சட்டம் வந்ததும் மருத்துவமனைகள் மார்ஃபின் வாங்குவதற்குப் பல துறைகளின் உரிமம் தேவைப்பட்டது. எழுத்துப்பிழை விட்டாலும் சிறை என்ற பயத்தில் மருந்துக் கம்பெனிகளும் ஆஸ்பத்திரிகளும் கையைக் கழுவின. அடுத்த பன்னிரண்டு வருடத்தில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 சதவீதம் சரிந்து, 1997-ல் வெறும் 18 கிலோவில் வந்து நின்றது. உலகத்துக்கே மருந்துக்கான அபின் விளைவித்துக் கொடுக்கும் நாட்டில் இது நடந்தது. கேரளத்தில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால் போன்றவர்கள் வருடக்கணக்காகப் போராடி விதிகளைத் தளர்த்த வைத்தார்கள். 2014 திருத்தம், அத்தியாவசிய மருந்துகளுக்கு நாடு முழுதும் ஒரே மாதிரி எளிய உரிமம் என்று வழி செய்தது. சட்டம் இறங்கி வந்துவிட்டது. அது முப்பது வருடமாக ஊட்டிய பயம் இறங்கவில்லை.

அம்மா இதை என்னிடம் சொன்னது நான்காவது சந்திப்பில். மகனைப் பற்றி எதைச் சொல்லும்போதும் அழாதவர் இதைச் சொல்லும்போது அழுதார். “எனக்க அப்பனுக்குக் குடுக்க வேண்டிய மருந்த நான் தூரப் போட்டேன் சார். அதே மாதிரி மருந்த எனக்க பிள்ளை களவா வாங்கி ஏத்திட்டுக் கெடந்தான். ஒரே வீட்டுல சார்.”

தொண்ணூறு நாள்

எங்களிடம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு அவனைப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்த்திருந்தார்கள். சேர்த்தார்கள் என்றால், ராத்திரி இரண்டு மணிக்கு வேனில் நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மாவின் கம்மல் அடகுக்குப் போனது. வலிப்பு மாதிரி நடுங்கியபோது மருந்து தரவில்லை, தண்ணீர் ஊற்றினார்கள், அடியும் உண்டு. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கம் தொடர்பான மனநிலைகளையும் மனநோய்க்குள் சேர்க்கிறது. அப்படிப்பட்ட மையங்கள் பதிவு செய்திருக்க வேண்டும், நோயாளியைக் கண்ணியக் குறைவாக நடத்தக்கூடாது. ஆனால் வெளியே வந்து புகார் கொடுக்கலாம் என்றால், மேலே ஒரு கஞ்சா கேஸ் இருப்பவன் எந்த ஸ்டேஷனுக்குப் போவான்?

வெளியே வந்த அன்றே பழைய அளவில் ஏற்றிக்கொண்டான். தொண்ணூறு நாள் விட்டிருந்த உடம்புக்குப் பழைய அளவு தாங்காது. நண்பன் ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்ததால் பிழைத்தான். போலீஸுக்குப் பயந்து அந்த நண்பன் ஆஸ்பத்திரி வாசலிலேயே இறக்கிவிட்டு ஓடிவிட்டான். இறக்கிவிட்டானே, அதுவே பெரிய காரியம். பல இடத்தில் அதுவும் நடப்பதில்லை.

எங்கள் பிரிவில்

சீட்டில் உண்மையைத்தான் எழுதினோம். எழுதுவதற்கு முன் அம்மாவிடம் சொன்னேன்: நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017 சட்டத்திலேயே இருக்கிறது, இந்தக் காகிதம் ஸ்டேஷனுக்குப் போகாது. அவர் நம்பவில்லை. தலையை மட்டும் ஆட்டினார்.

ஓபியம் வகை அடிமைத்தனத்துக்கு நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரை நல்ல மருந்து. ஏக்கத்தைத் தணிக்கும், நடுக்கத்தை நிறுத்தும், ஆள் வேலைக்குப் போகலாம். ஆனால் அதுவும் இதே சட்டத்தின் கட்டுப்பாட்டில் உள்ள மருந்து, எல்லாக் கடையிலும் கிடைக்காது. குறிப்பிட்ட மையத்துக்கு வந்து எங்கள் கண் முன்னால் போட்டுவிட்டுப் போக வேண்டும். முதல் மாதங்களில் தினமும். போதைக்கான மாத்திரை அவன் ஊருக்கே நடந்து வந்தது. அதிலிருந்து மீட்கும் மாத்திரைக்கு அவன் இரண்டு பஸ் மாறி வர வேண்டும்.

வந்தான். அப்பாவுக்கு முடியாமல் போகவே பால் வெட்டைத் தம்பி எடுத்துக்கொண்டிருந்தான். விடிகாலையில் வெட்டி, பால் எடுத்து, பதினொரு மணிக்குள் எங்களிடம் வந்துவிடுவான். சட்டையில் புளித்த பால் வாடை இருக்கும். அம்மாவும் முதல் இரண்டு வாரம் கூடவே வந்தார். டவுன் பஸ்ஸில் அவருக்கு டிக்கெட் கிடையாது, இவனுக்கு மட்டும் எடுத்தால் போதும் என்பதும் ஒரு காரணம். ஒரு நாள் முழுக்கச் சம்பளம் போகிற வேலையில் இருக்கும் பையன்களால் இப்படித் தினமும் வர முடியாது. அவர்கள்தான் முதல் மாதத்திலேயே நின்றுவிடுகிறார்கள்.

ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இல்லை. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் சி கிருமி இருந்தது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் மருந்து இலவசம். பன்னிரண்டு வாரம் விடாமல் சாப்பிட்டான், கிருமி போய்விட்டது. ரிசல்ட்டைப் பார்த்துச் சிரித்தவனிடம் இன்னொன்றையும் நான் சொல்ல வேண்டியிருந்தது. கிருமி போனாலும் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ரத்தத்தில் தங்கிவிடும். வளைகுடா நாடுகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் அதைத்தான் பார்க்கிறார்கள். இருந்தால் தகுதி இல்லை. நாளைக்கே வழக்கு முடிந்தாலும் அந்தக் கதவு திறக்காது. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சரி அண்ணே, இங்கயும் ஏ.சி. ஓடத்தானே செய்யுது” என்றான்.

மனு

கேஸ் ஐந்தாவது வருடத்தில் இருந்தது. பழைய வக்கீலின் யோசனை: குற்றத்தை ஒப்புக்கொள், சில ஆயிரம் அபராதத்தோடு ஒரே நாளில் முடிந்துவிடும். எங்களிடம் வரும் பையன்களில் பலர் இப்படி முடித்துக்கொண்டவர்கள். அலைச்சல் தீரும். ஆனால் குற்றவாளி என்ற தீர்ப்பு வாழ்நாள் முழுக்கக் கூட வரும். தம்பியும் வரும் வாய்தாவில் ஒப்புக்கொள்வதாகத்தான் இருந்தான். சட்ட உதவி மையத்தில் இருந்த ஓர் இளம் வக்கீல் அம்மா அதைத் தடுத்து, எங்கள் சான்றிதழோடு 64ஏ-யின் கீழ் மனு போட்டார்.

அரசுத் தரப்பின் ஆட்சேபம்: பிடிபட்டபோது இவர் அடிமையாக இருந்தார் என்பதற்கு ஆதாரம் எங்கே? கேள்வி சட்டப்படி சரி. பிடிபட்ட நாளில் யாராவது டாக்டரிடம் காட்டியிருந்தால் ஆதாரம் இருந்திருக்கும். இன்னொரு சிக்கலும் உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் பாதுகாப்பை விலக்கிக்கொள்ளலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. நான்காவது மாதம் அவன் ஒரு தடவை வழுக்கினான். தாத்தாவின் நினைவு நாள் அன்று. மறுநாள் அவனே வந்து சொன்னான். இந்த வியாதியில் வழுக்குவது இயல்பு. சர்க்கரை வியாதிக்காரர் ஒரு கல்யாண வீட்டில் பாயசம் குடித்தால் அவருக்கு வைத்தியத்தை நிறுத்தமாட்டோம். நீதிமன்றத்துக்கான அறிக்கையில், ஒரு முறை மறுபடியும் பயன்படுத்தினார், தானே தெரிவித்தார், சிகிச்சை தொடர்கிறது என்று உள்ளதை உள்ளபடி எழுதினோம். நீதிபதி அதைப் படித்துவிட்டு, ஒரு வருடம் நிறைந்ததும் முழு அறிக்கை தரச் சொல்லி வாய்தா போட்டார். மனு நிலுவையில் இருக்கிறது.

கஞ்சாவைத் திறந்து விடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பதினாறு வயதில் தொடங்கி மனச்சிதைவு வரை போன பிள்ளைகளையும் இதே வார்டில் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலில் பொட்டலம் விற்பவனைப் பிடிக்கத்தான் வேண்டும். அந்த அம்மாவே சொல்கிறார், “விக்கிறவனப் பிடியுங்க சார், வேண்டாம்னு ஆரு சொன்னா?” கைதான அதிர்ச்சியிலேயே திருந்தி வந்த ஒன்றிரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பின்னால் கையைப் பிடித்துக் கூட்டிவர ஆளிருந்தது. ஆளில்லாதவனுக்குக் கைது ஒரு முத்திரை, அவ்வளவுதான். 35 கிராம் வைத்திருந்த பையனை ரிமாண்டுக்கு அனுப்பும் அதே நாளில், ஒரு காகிதத்தில் 64ஏ-யைத் தமிழில் எழுதி, அரசு மருத்துவமனையின் விலாசத்தையும் 14446 என்ற இலவச உதவி எண்ணையும் போட்டு அவன் அம்மா கையில் கொடுக்கலாம். புதிதாகச் சட்டம் எதுவும் இயற்ற வேண்டியதில்லை.

போன வாரம் மாத்திரை போட்டுவிட்டு அவன் கிளம்பாமல் நின்றுகொண்டிருந்தான். “என்ன தம்பி?” என்றேன். அவன் ஊரில் ஒரு பையனை முந்தாநாள் பிடித்துவிட்டார்களாம், கையில் நாற்பது கிராமோ என்னவோ. அந்தப் பையனின் அம்மாவும் அண்டியாபீஸில்தான் வேலை. “அண்ணே, அந்த அறுபத்து நாலு ஏ-யைத் தமிழ்ல ஒரு பேப்பர்ல எழுதித் தாருங்க. நான் கொண்டு குடுக்கிறேன்.” எழுதிக் கொடுத்தேன். படித்துப் பார்த்து, நாலாக மடித்து, சட்டைப்பையில் ஒட்டியிருந்த ரப்பர்ப் பாலில் பட்டுவிடாமல் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான்.